இணைப்பில் வேகம் இருந்தும் கணினி ஏன் திணறுகிறது?

"100 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனையிலும் குறையில்லை. ஆனால் வீட்டில் யாராவது போனிலிருந்து வீடியோவை கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் என் லேப்டாப் அப்படியே நின்றுவிடுகிறது. ஃபார்மட் செய்தும் சரியாகவில்லை. ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

லேப்டாப்பில் கோளாறு எதுவும் இருக்காது. அது பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் ping -t 8.8.8.8 என்று அடித்து ஓடவிடுங்கள். கூகுள் சர்வர் ஒன்றுக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அது காட்டும். யாரும் எதையும் ஏற்றாதபோது 20 மில்லிசெகண்ட் போலக் காட்டும். இப்போது போனில் வீடியோவை ஏற்றுங்கள். எண் 1000-ஐத் தாண்டினால் குற்றவாளி ரவுட்டரிலோ மோடத்திலோ வெளியே போகக் காத்து நிற்கும் தரவு வரிசை. எண் ஏறவே இல்லையென்றால்தான் கணினியைச் சந்தேகிக்க வேண்டும்.

இணையத்தில் தரவைச் சிறு சிறு பொட்டலங்களாக (பாக்கெட்) அனுப்பும் விதிமுறையான டிசிபி, பாக்கெட் ஏதாவது தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொலைந்தால்தான் பாதை நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியும். 1986இல் அமெரிக்காவின் பெர்க்லியில் 32 கேபிபிஎஸ் இணைப்பு நெரிசலில் வெறும் 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட தீர்வு இது.

அப்புறம் நினைவகம் மலிவானது. பாக்கெட் எதுவும் தொலையக் கூடாதென்று ரவுட்டர்களிலும் மோடங்களிலும் பெரிய பெரிய பஃபர்களை, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவக இடங்களை, வைத்தார்கள். டிசிபிக்குப் போக வேண்டிய எச்சரிக்கையே போகாமல் போயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அப்லோடு 5 எம்பிபிஎஸ், பஃபர் 1 எம்பி (8 மெகாபிட்) என்றால், நிரம்பிய பஃபர் காலியாக 1.6 நொடி. உங்கள் லேப்டாப்பின் கோரிக்கையும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். ஒரு தளத்தைத் திறக்க முகவரி விசாரிப்பு, இணைப்பு, மறையாக்கம் என்று குறைந்தது மூன்று தடவை போய்வர வேண்டும். முதல் எழுத்து திரையில் வருவதற்குள் ஐந்து நொடி ஓடிவிடும். கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கான மருந்துதான். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் தந்த 'கோடெல்' என்ற வரிசை மேலாண்மை முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று மட்டுமே பார்க்கிறது. 100 மில்லிசெகண்டுக்குள் ஒரு பாக்கெட்கூட 5 மில்லிசெகண்டுக்குள் வெளியேறவில்லையா? ஒன்றைத் தூக்கி எறி. இன்னும் குறையவில்லையா? இன்னும் சீக்கிரமாக அடுத்ததை எறி. எறிய எறிய டிசிபி அடங்குகிறது, வரிசை கரைகிறது. இவ்வளவு சிறிய விதி இவ்வளவு பெரிய தொல்லையைத் தீர்ப்பதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. ரவுட்டர் பெட்டிகளில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிடுபவர்கள், நெரிசலில் எவ்வளவு தாமதமாகும் என்பதையும் அச்சிட வேண்டும்.

உங்கள் ரவுட்டர் அமைப்பில் 'எஸ்க்யூஎம்' (SQM, கோடெல் போன்ற முறைகளால் வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் இயக்குங்கள். அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல், கோடெல் காவல் இருக்கும் ரவுட்டரில் சேரும். பிறகு அதே பிங் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பின் யோசித்துக்கொள்ளலாம்.