வீடு எடிசனில், வேலை மன்ஹாட்டனில்: டபிள்யூ-2 சொல்லாத கணக்கு

மார்ச் பிறந்தாலே, நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரிசை கட்டி வந்துவிடுகிறது: "நியூயார்க்குக்குத்தான் வருமான வரி முழுசாப் பிடிச்சுட்டாங்களே, நியூஜெர்சிக்கு எதுக்குத் தனியா ஃபைல் பண்ணணும்?" கேட்பவர்களாவது பரவாயில்லை. கேட்காமலே விட்டுவிட்டு, வட்டியும் அபராதமும் சேர்ந்து கடிதம் வந்த பிறகு அதைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்காகத்தான் இது.

குடியிருக்கும் மாநிலம் உங்கள் மொத்த வருமானத்தையும் கணக்கில் எடுக்கும். வேலை பார்க்கும் மாநிலம் அங்கே ஈட்டியதை மட்டும் எடுக்கும். ஆகவே நியூயார்க்குக்கு வெளியூர்க்காரர்களுக்கான வரிப் படிவம் ஐடி-203, நியூஜெர்சிக்குக் குடியிருப்பவர்களுக்கான என்ஜே-1040, இரண்டும் உண்டு. முதலில் நியூயார்க். அதை முடிக்காமல் நியூஜெர்சியைத் தொடாதீர்கள். அங்கே கட்டிய வரிக்கு இங்கே கிரெடிட், அதாவது வரியில் கழிவு, கேட்கும் என்ஜே-சிஓஜே படிவத்துக்கு நியூயார்க்கின் இறுதி எண் வேண்டும்.

அந்த இறுதி எண், நிறுவனம் ஆண்டுதோறும் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்றான டபிள்யூ-2-வின் 17-ஆம் கட்டத்தில் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை: அங்கே இருப்பது பிடித்தம், வெறும் முன்பணம். வரி என்பது ஐடி-203 போட்ட பிறகு தெரிவது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தம்பதி சேர்ந்து 1,50,000 டாலர். அதில் 1,20,000 நியூயார்க் சம்பளம், 30,000 நியூஜெர்சி சம்பளம். நியூயார்க் பிடித்தது 6,800. ஐடி-203 போட்டால் வரி 5,800 என்று வருகிறது, 1,000 ரீஃபண்ட். நியூஜெர்சியில் மொத்த வரி 6,000 என்று வையுங்கள். கிரெடிட் எவ்வளவு? 6,800 என்று எழுதி "பாக்கி எதுவும் இல்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 5,800 என்பார்கள். இரண்டும் தவறு. நியூயார்க்கில் வரி விதிக்கப்பட்ட வருமானம் மொத்தத்தில் 80 சதவீதம். நியூஜெர்சி வரியில் 80 சதவீதம், அதாவது 4,800, அதுதான் உச்சவரம்பு. கட்டிய வரி, உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அதுவே கிரெடிட். மீதி 1,200 நியூஜெர்சிக்குப் போக வேண்டும். துணையின் சம்பளத்தில் நியூஜெர்சி பிடித்திருப்பதைக் கழித்துக்கொள்ளலாம்.

"என் மனைவி நியூயார்க் பக்கமே போவதில்லை, அவர் சம்பளம் ஏன் ஐடி-203-இல் வருகிறது?" என்று சண்டைக்கு வருவார்கள். நியூயார்க் முதலில் மொத்த வருமானத்துக்கும் வரி கணக்கிட்டு, பிறகு தன் பங்கின் விகிதத்தால் பெருக்கும். அவர் சம்பளத்துக்கு நியூயார்க் வரி இல்லை, உங்கள் சம்பளத்துக்கான வரி வீதம் உயரும், அவ்வளவுதான்.

இன்னொன்று: டபிள்யூ-2-வின் 16-ஆம் கட்டத்தில் நியூயார்க் வரிசையில் முழுச் சம்பளமும் இருக்கும், நியூஜெர்சி வரிசையில் இன்னொரு தொகை இருக்கும். இரண்டையும் கூட்டாதீர்கள். ஒரே சம்பளம்தான் இருமுறை அச்சாகியிருக்கிறது. நியூஜெர்சித் தொகை பெரிதாக இருந்தாலும் பதற வேண்டாம். சம்பளத்திலிருந்து வரிக்கு முன் கழியும் மருத்துவக் காப்பீட்டுத் தொகையையும் எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடுவதையும் அந்த மாநிலம் விலக்குவதில்லை. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பை மட்டும் விலக்கும்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களுக்கு வருவோம். வாரத்தில் மூன்று நாள் எடிசனில் உட்கார்ந்து லாகின் செய்தேன், அந்த நாட்களைக் கழித்துவிடலாம் என்று யாரோ வாட்ஸாப்பில் சொல்லியிருப்பார்கள். நியூயார்க் நிறுவனத்தில் வேலை என்றால், உங்கள் வசதிக்காக வெளியே இருந்து வேலை செய்த நாளும் நியூயார்க் நாளே. விடுமுறைக்குச் சென்னை போய், அங்கே இரண்டு வாரம் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தீர்களா? அதுவும் நியூயார்க் நாள்தான். நிறுவனத்தின் தேவைக்காக டல்லாஸில் கிளையன்ட் இடத்தில் நின்ற நாட்களைக் கழிக்கலாம். சனி ஞாயிறு, விடுமுறை, உடம்பு சரியில்லாத நாட்கள் வேலை நாள் கணக்கிலேயே வராது. இதற்கான இடம் ஐடி-203-பி. தயவுசெய்து ஆண்டு முழுக்க ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆடிட் வந்தால் ரயில் பாஸும் ஈ-இசட்பாஸ் சுங்கக் கட்டணப் பட்டியலும்தான் பேசும், உங்கள் ஞாபகம் பேசாது.

வேலை பென்சில்வேனியாவில் என்றால் கதை வேறு. இரு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி மட்டுமே. பென்சில்வேனியா வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் ஆர்இவி-419 படிவத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் அவர்கள் 3.07 சதவீதம் பிடித்திருந்தால், அந்த மாநிலத்தின் வரிப் படிவமான பிஏ-40 போட்டுத் திரும்ப வாங்கலாம். ஒப்பந்தம் சம்பளத்துக்குத்தான், சம்பளமாக இல்லாமல் 1099 படிவத்தில் பணம் வாங்கும் கான்ட்ராக்டர்களுக்கு இல்லை. ஃபிலடெல்பியா நகர வரிக்கும் இல்லை. ஆனால் அந்த நகர வரிக்கு நியூஜெர்சியில் கிரெடிட் கேட்கலாம், மறந்துவிடாதீர்கள்.

ஆண்டுதோறும் நியூஜெர்சிக்கு 400 டாலருக்கு மேல் பாக்கி வந்தால் ஏப்ரல் 15 வரை காத்திருப்பது தவறு. என்ஜே-1040-இஎஸ் மூலம் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ஆம் தேதிகளில் தவணையாகக் கட்டுங்கள். அல்லது நியூஜெர்சியில் வேலை செய்யும் துணை என்ஜே-டபிள்யூ4 கொடுத்துப் பிடித்தத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். அதுதான் தலைவலி குறைவு.