‘பேக் அமுக்காதீங்க’ன்னு எழுதி ஒட்டுறத முதல்ல நிறுத்துங்க

பணம் கட்டுற பக்கத்துல சிவப்பு எழுத்துல ஒரு வரி இருக்கும் பாத்துருப்பீங்க, தயவு செஞ்சு பேக் பட்டனையோ ரீஃபிரெஷையோ அமுக்காதீங்கன்னு. அந்த வரியப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும். அதுக்கு அர்த்தம், நாங்க எழுதுன புரோகிராம் அரைகுறை, அதனால நீங்க தான் பாத்து சூதானமா நடந்துக்கணும்னு. பேக் பட்டன் நம்ம போட்டது இல்லங்க, அது பிரவுசர்க்காரன் பயனாளிக்குக் குடுத்தது, அமுக்கத் தான் செய்வாங்க.

கம்பம், கூடலூர், குமுளின்னு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாட்ஜ், ஏலக்கா யாவாரி, ஜீப் வாடகை விடுறவங்கன்னு சின்ன ஆளுகளுக்கு வெப் சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குறதும், வேற யாரோ செஞ்சு விட்டுட்டுப் போனத ரிப்பேர் பாக்குறதும் தான் என் பொழப்பு. ரிப்பேருக்கு வர்றதுல நெறைய கேஸு இந்த பேக் பட்டன் கேஸு தான், ஆனா யாரும் அப்படிச் சொல்லிக் கொண்டு வர மாட்டாங்க. “தம்பி, கணக்கு தானா மாறுது”ன்னு தான் வருவாங்க.

குமுளியில ஒரு லாட்ஜ். மண்டல சீசன், கம்பம் வழியா ஐயப்ப சாமிமார் கூட்டம் கூட்டமா ஏறிட்டு இருக்கு, ரிசப்ஷன்ல மூச்சு விட நேரமில்ல. 204க்கு ஆள் வந்து பேர் விவரமெல்லாம் டைப் பண்ணிட்டு இருக்கும் போதே போன் வருது, 305 என்ன ரேட்டுன்னு. அங்க இருக்குற அக்கா அதே ஸ்கிரீன்ல இருந்து 305ஐத் தொறந்து ரேட்டு பாத்துச் சொல்லிட்டு பேக் அமுக்குறாங்க, பழைய ஸ்கிரீன் 204னு அப்படியே நிக்குது, டைப் பண்ணுன பேர் கூட அழியல, சேவ் குடுக்குறாங்க, பில்லு 305க்கு வருது. மானிட்டர் ஓரத்துல தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணுன்னு ரெண்டு சீட்டு ஒட்டியிருந்தாங்க, பேக் போகக் கூடாதுன்னு. பழைய டெவலப்பர் குடுத்த தீர்வு அது தான்.

உள்ள என்ன நடந்துச்சுன்னா, எந்த ரூம்ங்குறத அந்த சாஃப்ட்வேர் செஷன்ல, அதாவது லாகின் பண்ணுன ஆளுக்குன்னு சர்வர் வெச்சுக்குற ஞாபகத்துல, ஒரே ஒரு இடத்துல வெச்சிருந்துச்சு. 305ஐத் தொறந்த உடனே சர்வர் தன் ஞாபகத்த 305னு மாத்திக்கிச்சு. பேக் அமுக்குனப்போ பிரவுசர் சர்வர்கிட்ட எதுவுமே கேக்கல, தன்கிட்ட இருந்த பழைய பக்கத்த அப்படியே எடுத்துக் காட்டிருச்சு. கண்ணுக்குத் தெரியுறது 204, சர்வர் மனசுல 305. பேக்கே அமுக்காம ரெண்டு டேப்ல தொறந்தாலும் இதே கூத்து தான், ஏன்னா ஆள் யாருன்னு சர்வருக்கு அடையாளம் காட்ட பிரவுசர் வெச்சிருக்குற குக்கிங்குற சின்னச் சீட்டு ரெண்டு டேப்புக்கும் பொது, செஷனும் ஒண்ணு தான்.

இது பிரவுசரோட தப்புன்னு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க. கிடையாது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கிறதுக்குன்னு 1999ல வந்த எச்டிடிபி 1.1 விதிமுறையிலயே இருந்துச்சு, ஹிஸ்டரில பின்னாடி போனா அன்னிக்கு ஆள் பாத்தது எதுவோ அதத் தான் காட்டணும், இப்போதைய நிலவரத்தக் காட்ட முயற்சி பண்ணக் கூடாதுன்னு. இப்ப எல்லா பெரிய பிரவுசர்லயும் பிஎஃப்கேஷ்னு ஒண்ணு இருக்கு, பக்கத்த ஜாவாஸ்கிரிப்டோட சேத்து அப்படியே உறைய வெச்சு, பேக் வந்தா உசுரு குடுத்து எழுப்பி விடும். ஃபயர்பாக்ஸ்ல 2005லயே வந்துருச்சு, குரோம் 2020ல ஆண்ட்ராய்டுக்கும் 2021ல கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்துச்சு. சரித்திரம் பாத்தாலும், 1993ல மொசைக் பிரவுசர்லயே பேக் பட்டன் இருந்துச்சு, நம்ம செஷனெல்லாம் நம்பி இருக்குற குக்கி 1994ல தான் நெட்ஸ்கேப்ங்குற பிரவுசர் கம்பெனில லூ மாண்டுல்லி கொண்டு வந்தாரு. பின்னாடி வந்தவன் தான் அனுசரிச்சுப் போகணும்.

அதனால செஷன்ல ‘யார் லாகின் பண்ணியிருக்காங்க’ங்குறத மட்டும் வைங்க. எந்த ரூம், எந்த ஏலக்கா லாட் (விக்கச் சேத்துக் கட்டுற மூட்டைக), எத்தனாவது ஸ்டெப்புங்குறதெல்லாம் அந்தந்தப் பக்கமே தன்கூட எடுத்துட்டு வரணும். நான் செய்றது, புக்கிங் ஆரம்பிச்ச உடனே டேட்டாபேஸ்ல ஒரு டிராஃப்ட் வரி, அதாவது இன்னும் முடியாத புக்கிங்னு ஒரு பதிவு, போட்டு அதோட நம்பர பக்கத்தோட அட்ரஸான யூஆர்எல்லயே வெச்சிடுவேன். ரெண்டு டேப்னா ரெண்டு டிராஃப்ட், ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. சேவ் வரும் போது டிராஃப்ட் நம்பரும் ரூம் நம்பரும் பக்கத்துல இருந்தே வரும். ஆனா ரேட்ட மட்டும் பக்கத்துல இருந்து வாங்கிறாதீங்க, ரூம் நம்பர வெச்சு சர்வர்ல கணக்குப் போடுங்க, இல்லன்னா எவனாவது 1800ஐ 18ன்னு மாத்தி அனுப்பிருவான்.

இன்னொன்னு, திருத்துற ஸ்கிரீன். ஒருத்தர் காலைல தொறந்து வெச்ச பக்கத்துக்கு சாயங்காலம் பேக்ல போயி சேவ் குடுத்தா நடுவுல மத்தவங்க பண்ணுன திருத்தமெல்லாம் போச்சு. டேட்டாபேஸ் வரிக்கு, திருத்தும் போதெல்லாம் கூடுற ஒரு வெர்ஷன் நம்பர் வெச்சு, பக்கத்துல இருந்து வர்ற வெர்ஷன் பழசா இருந்தா, இது மாறிடுச்சு பாருங்கன்னு புதுசையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல காட்டுனாப் போதும்.

அடுத்தது டபுள் என்ட்ரி. இந்த ஏரியாவுல லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுனா சிக்னல் வரும் போகும், எல்லையில போன் தமிழ்நாடு நெட்வொர்க்க விட்டு கேரளா நெட்வொர்க்கப் புடிக்க ஒரு தடுமாறு தடுமாறும். ஏலக்கா யாவாரியோட ஆளு ஸ்டோர்ல நின்னு போன்லயே எடை போட்டு சேவ் குடுக்குறாரு, சுத்திக்கிட்டே இருக்கு, பேக் போயி மறுபடி குடுக்குறாரு. மொத தடவையே சர்வருக்குப் போயி சேந்துருச்சு, பதில் தான் திரும்பி வரல. இப்ப அதே மூட்டை ரெண்டு வாட்டி ஸ்டாக்ல நிக்குது, லாட் கட்டும் போது தான் கிலோ இடிக்கும். ஏலக்கா விக்கிற வெலைக்கு ஒரு மூட்டை கூடக் கொறையன்னா வீட்டுல சண்டையே வந்துரும்.

பாடத்துல சொல்லிக் குடுக்குறது, போஸ்ட் (ஃபார்ம் அனுப்புற ரிக்வெஸ்ட்) வந்தா வேலைய முடிச்சுட்டு 303 ரீடைரக்ட் (வேற பக்கத்துக்குப் போன்னு சொல்ற பதில்) குடுத்து பில் பக்கத்த கெட்ல (சும்மா பக்கத்தக் கேக்குற ரிக்வெஸ்ட்) தொறக்க விடுங்கன்னு. அது கட்டாயம் வேணும், ஃபார்ம மறுபடி அனுப்பவான்னு பிரவுசர் கேட்டு மெரட்டுறது அதோட நின்னுரும். ஆனா அதோட வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அங்க தான் கோட்டை விடுறாங்க. பேக் போனா நெரப்புன ஃபார்ம் அப்படியே உக்காந்திருக்கும், திரும்ப சேவ் அமுக்குனா அது புது போஸ்ட் தான், 303 அதத் தடுக்காது. ஃபார்ம் தொறக்கும் போதே ஒரு டோக்கன் குடுத்துரணும், ரேஷன் கடை டோக்கன் மாதிரி, ஒருக்கா குடுத்து சாமான் வாங்குனா அதோட செல்லாது. ரெண்டாவது வாட்டி அதே டோக்கன் வந்தா எர்ரர் காட்டாதீங்க, மொதல்ல போட்ட பில்லையே எடுத்துக் காட்டுங்க, அவருக்கு வேண்டியது அது தான். அந்த டோக்கனுக்கு டேட்டாபேஸ்ல யுனிக், அதாவது ஒரே மதிப்பு ரெண்டு வாட்டி வரக் கூடாதுங்குற தடை, போட்டுருங்க. ஏற்கனவே இருக்கான்னு செலக்ட் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் இன்சர்ட் பண்றேன்னா, ரெண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்துல வந்தா ரெண்டுமே இல்லன்னு பாத்துட்டு ரெண்டுமே உள்ள போயிரும்.

சேவ் பட்டன அமுக்குன உடனே டிசேபிள் பண்றது நல்லது தான், வேணாம்னு சொல்லல. ஆனா பேக் வந்தா பிஎஃப்கேஷ்ல இருந்து எந்திரிக்கிற பக்கத்துல அந்த பட்டன் செத்தே கெடக்கும், மறுபடி திருத்தவும் முடியாது. பக்கம் தொறக்கும் போதும் பேக்ல திரும்பி வரும் போதும் பிரவுசர் கிளப்பி விடுற பேஜ்ஷோ ஈவென்ட்ல, உறைஞ்ச பக்கம் தான் எந்திரிச்சதுன்னு சொல்ற பெர்சிஸ்டட் உண்மையா இருக்கான்னு பாத்து பட்டன எழுப்பி விடுங்க.

பணம் விஷயம் இதே தான், டென்ஷன் மட்டும் கூட. யுபிஐ ஆப்புக்குப் போயிட்டு வர்றவரு திரும்பி வருவாருன்னு எந்த உத்தரவாதமும் கெடையாது, பணம் போட்டுட்டு ஸ்கிரீன மூடிட்டுக் கெளம்பிருவாரு. பிரவுசர் திரும்பி வந்துச்சாங்குறத வெச்சு முடிவு பண்ணாம, நடுவுல நின்னு பணம் வாங்கித் தர்ற கேட்வேகிட்ட சர்வர்ல இருந்து நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கணும். பேக் வந்தாருன்னா புது ஆர்டர் போடாதீங்க, பழைய ஆர்டர் நெலமையக் காட்டி, பணம் வந்துச்சான்னு பாத்துட்டு இருக்கோம்னு சொல்லுங்க.

பேக்க மடக்குறேன்னு ஹிஸ்டரில சும்மா சும்மா என்ட்ரி தள்ளி விடுற ஸ்கிரிப்ட் இன்னும் சில பேர் காப்பி பண்ணிப் போடுறாங்க. பயனாளி பக்கத்தத் தொடாமலே தள்ளுன என்ட்ரிய குரோம் பேக்ல தாண்டிப் போயிரும், அதனால அந்த வித்தை முன்ன மாதிரி பலிக்கவும் பலிக்காது. ஹிஸ்டரில என்ட்ரி சேக்குற புஷ்ஸ்டேட்ட உருப்படியா பயன்படுத்துங்க. போன்ல ஒரு பாப்அப் தொறந்தா பேக்குக்கு அது மூடணும், பக்கமே போயிரக் கூடாது, ஓரத்துல வெரல இழுத்தாலே பேக் ஆகுற ஆண்ட்ராய்டு போன் தான எல்லார் கையிலயும். தேடுற பெட்டில ஒவ்வொரு எழுத்துக்கும் என்ட்ரி சேராம அங்க இருக்குற என்ட்ரியவே மாத்துற ரீப்ளேஸ்ஸ்டேட் போடுங்க.

ஒருத்தர் லாகவுட் பண்ணிட்டுப் போன பெறகு அடுத்த ஆள் பேக் அமுக்குனா அவரோட கணக்கெல்லாம் தெரியுற சாஃப்ட்வேரும் இருக்கு. பல பேர் ஒக்கார்ற கம்ப்யூட்டர்னா அந்தப் பக்கங்களுக்கு, இதச் சேத்து வெக்காதன்னு பிரவுசருக்குச் சொல்ற நோ-ஸ்டோர் ஹெடர் போடணும், கூடவே பேஜ்ஷோல லாகின் இருக்கான்னு ஒரு தடவை கேட்டுக்கணும்.

வேலை முடிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி நான் டெஸ்ட் பண்றது முரட்டுத்தனமா இருக்கும். ஒவ்வொரு சேவுக்கு அப்புறமும் பேக் போயி மறுபடி சேவ், ரெண்டு டேப்ல மாத்தி மாத்தி, சேவ் அமுக்குன கையோட ஏரோபிளேன் மோடு. அப்புறம் பாதியில விட்ட டிராஃப்ட் குமிஞ்சு கெடக்கும், அத குறிப்பிட்ட நேரம் கழிச்சுத் தூக்க, தானா ஓடுற ஒரு ஜாப் போட மறந்துறாதீங்க, இல்லன்னா சீசன்ல வெறும் ரூம ‘புக்’னு காட்டிக்கிட்டு நிக்கும், லாட்ஜ்காரர் நடுராத்திரி போன் போட்டு நம்மளத் தான் எழுப்புவாரு.