பிஸ்டன் இல்லாத காரைப் பிரித்துப் பூட்டுதல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, தன் விருப்பப்படி திருத்திக் கட்ட ஆசைப்படும் இளைஞருக்கு, விவரம் தெரிந்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் புத்திமதி, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 பக்கம் மட்டும் போய்விடாதே என்பதுதான். அப்படிச் சொல்லியும் கேளாமல் அதையே தேடி வாங்குகிறவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குறையவில்லை. பயமுறுத்துவதும் ஈர்ப்பதும் ஒரே பொருள்தான்: பானட்டுக்கு அடியில் இருக்கும் ரோட்டரி எஞ்சின். 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளாக, 8 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் தயாரான இந்தக் காரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, அதைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் இல்லை. சுழலும் இரண்டு ரோட்டர்களே எல்லா வேலையையும் செய்கின்றன. 1991-இல் வெளிவந்து ஆர்வலர்களால் எஃப்டி என்று அழைக்கப்படும் மூன்றாம் தலைமுறைக் காரையும், அதிலுள்ள இரட்டை டர்போ (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) எஞ்சினான 13பி-ஆர்இடபிள்யூவையும் எடுத்துக்கொண்டு, அதைப் பிரித்துக் கட்டுகிறவர் உண்மையில் எதனோடு மல்லுக்கட்டுகிறார் என்று பார்க்கலாம்.

ரோட்டர் என்பது பக்கங்கள் சற்றே வெளிப்புறம் புடைத்த முக்கோண வடிவ இரும்பு வார்ப்பு. அது சுழலும் கூடு, வேர்க்கடலைத் தோட்டைப் போல நடுவில் லேசாக ஒடுங்கியிருக்கும். ரோட்டர் எந்த நிலையில் இருந்தாலும் அதன் மூன்று முனைகளும் உட்சுவரை ஒட்டியே செல்லும்படி அந்த வளைவு கணக்கிட்டு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ரோட்டரைச் சுற்றி எப்போதும் மூன்று அறைகள் இருக்கும். ரோட்டர் நகர நகர ஒவ்வோர் அறையும் விரிந்து காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுக்கிறது, சுருங்கி அதை அழுத்துகிறது, தீப்பொறி பட்டதும் வெடித்து விரிந்து ரோட்டரைத் தள்ளுகிறது, மறுபடி சுருங்கிப் புகையை வெளியேற்றுகிறது. பிஸ்டன் எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கும் நான்கு வேலைகளும் இங்கே கூட்டின் நான்கு வெவ்வேறு பகுதிகளில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன. ரோட்டரின் உட்பக்கத்தில் 51 பற்கள் கொண்ட பற்சக்கரமும், அசையாமல் பொருத்தப்பட்ட 34 பற்கள் கொண்ட மற்றொன்றும் சேர்ந்து அதன் சுழற்சியை ஒழுங்குபடுத்துவதால், ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலுள்ள ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடுகிறது. எஞ்சினின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு 7,500 என்று காட்டும்போது ரோட்டர் 2,500 முறைதான் சுற்றுகிறது. மேலும் கீழும் போய்த் திரும்பும் பாகமே இல்லாததால் அதிர்வும் குறைவு.

எஞ்சினின் கொள்ளளவை மூன்று அளவுகளிலிருந்து எளிதாகக் கணக்கிட்டுவிடலாம். ரோட்டரின் மையத்திலிருந்து முனை வரையுள்ள நீளம் 105 மில்லிமீட்டர். ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் விலகி நிற்கும் தூரம் 15 மில்லிமீட்டர். ரோட்டரின் அகலம் 80 மில்லிமீட்டர். இம்மூன்றையும் பெருக்கி, அதை மூன்றாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் ஓர் அறைக்கு ஏறத்தாழ 654 கன சென்டிமீட்டர் வருகிறது. இரண்டு ரோட்டர்களுக்கு 1,308. முதல் இரு அளவுகளையும் மாற்றாமல் அகலத்தை மட்டும் மாற்றித்தான் மாஸ்டா பல எஞ்சின்களை உருவாக்கியது: அகலம் 60 என்றால் 1967-ஆம் ஆண்டின் காஸ்மோ ஸ்போர்ட் காரின் 982 சிசி, 70 என்றால் முதல் ஆர்எக்ஸ்-7 காரின் 1,146 சிசி. ஆனால் 1.3 லிட்டர் என்ற இந்தப் பெயரளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை வெடிப்பதால், காற்றை விழுங்கும் அளவில் இது 2.6 லிட்டர் பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம். ஜப்பானின் வாகன வரிக்கணக்கு இதை ஓரளவு புரிந்துகொண்டு, ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்கிறது. 1,308-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1,962. இரண்டு லிட்டர் வரம்புக்குச் சற்றே உள்ளே வந்துவிடுகிறது.

இவ்வளவு அழகான ஏற்பாட்டின் பலவீனம் முனைகளில் இருக்கிறது. மூன்று அறைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைப்பது, ஒவ்வொரு முனையிலும் வெட்டிய பள்ளத்தில் அமர்ந்திருக்கும் ஏபெக்ஸ் சீல் என்னும் மெல்லிய உலோகத் தகடு. எஃப்டியில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். அடியிலுள்ள ஸ்பிரிங்கும் பின்னால் புகும் வாயுவின் அழுத்தமும் அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகின்றன. சுவரைச் செங்குத்தாகத் தொட்டபடியே அது செல்வதுமில்லை. முன்சொன்ன 105, 15 என்ற அளவுகளிலிருந்தே கணக்கிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கமும் சுமார் 25 பாகை வரை சாய்ந்து சாய்ந்து உரசுகிறது. இதற்கு எண்ணெய்ப் பசை வேண்டும் என்பதற்காக, எஞ்சினே சிறிதளவு எண்ணெயை அறைக்குள் செலுத்தி எரிக்கிறது. ரோட்டரி கார் எண்ணெய் குடிக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அது குடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஃபெலிக்ஸ் வான்கெல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் 1957-இல் முதல் ரோட்டரி எஞ்சினை ஓடவிட்டபோதே இந்தச் சிக்கல் கூடவே பிறந்துவிட்டது. 1967-இல் வந்த என்எஸ்யூ ஆர்ஓ 80 காரின் பெயரைக் கெடுத்ததும் சீல்களின் தேய்மானம்தான். உரிமம் பெற்று ஹிரோஷிமாவுக்கு எஞ்சினைக் கொண்டுபோன மாஸ்டாவில், கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் இதற்கென்றே அமர்த்தப்பட்டார்கள். சோதனை எஞ்சின்களின் உட்சுவரில் அலையலையாக விழுந்த கீறல்களை அவர்கள் பேயின் நகக்கீறல்கள் என்று அழைத்தார்கள். சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துள்ளிக்கொண்டே சுவரைக் கொத்துவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, சீலின் முனையருகே குறுக்குத் துளைகள் இட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தார்கள். விற்பனைக்கு வந்த காஸ்மோவில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல்கள் இருந்தன. 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டாவின் 787பி கார் வென்றது அந்த உழைப்பின் தொடர்ச்சி.

பழைய எஃப்டி ஒன்றை விலை பேசப் போகும் இளைஞர் முதலில் செய்ய வேண்டியது அழுத்தச் சோதனை. பெயின்ட் எப்படியிருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண அழுத்தமானி ஒரே ஓர் உச்ச அளவைத்தான் காட்டும். ரோட்டருக்கோ மூன்று அறைகள் இருப்பதால் மூன்று அளவுகள் தனித்தனியாகத் தேவை. இதற்கென்று தனிக் கருவி உண்டு. அது கிடைக்காதவர்கள், மானியின் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் சிறு வால்வைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிட்டு, முள் துள்ளுவதைக் கவனிப்பார்கள். நல்ல எஞ்சினில் முள் ஒரே உயரத்துக்கு மூன்று முறை சீராகத் துள்ளும். புது எஞ்சினுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோகிராம் அழுத்தம் என்பது கையேட்டு அளவு. இரண்டு துள்ளல்கள் தாழ்ந்து ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால், பெரும்பாலும் ஓர் ஏபெக்ஸ் சீல் உடைந்துவிட்டது என்று பொருள், ஏனெனில் ஒரு சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுவான சுவர். ஒரே ஒரு துள்ளல் மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த அறையின் பக்கவாட்டை அடைக்கும் சைடு சீல் கார்பன் படிந்து பள்ளத்தில் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினைத் திறக்காமலேயே உள்ளே என்ன நடந்திருக்கும் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சோதனைகள் அதிகம் இல்லை. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை நீடித்து வந்தால் அது வேறு நோய்: குளிர்விக்கும் நீர் அறைக்குள் கசிகிறது. கூட்டின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றையும் எதிர்ப்பக்கம் எப்போதும் நெருப்பையும் சந்திப்பதால் உலோகம் சீரற்று விரிந்து, நீரை அடைக்கும் ரப்பர் வளையங்களைக் காலப்போக்கில் தளர்த்திவிடுகிறது.

பிரித்துப் பார்த்தால் எஞ்சின், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஐந்து தட்டுகளாகத்தான் இருக்கும்: மூன்று இரும்புத் தட்டுகள், இடையிடையே இரண்டு அலுமினியக் கூடுகள். நீண்ட போல்ட்டுகள் அனைத்தையும் ஊடுருவி இறுக்கிப் பிடிக்கின்றன. அலுமினியக் கூட்டின் உட்சுவரிலுள்ள குரோமியப் பூச்சு உரிந்திருந்தால் கூட்டையே மாற்ற வேண்டும். பட்ஜெட் பெரும்பாலும் அங்கேதான் கவிழும். மறுபடி பூட்டும் வேலையில் நேரத்தை விழுங்குவது சைடு சீல்களைப் பொருத்துவது. வளைந்த மெல்லிய சீல் ஒவ்வொன்றும் முனையிலுள்ள கார்னர் சீலைத் தொடும் இடத்தில் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட வேண்டும். புது சீல் சற்று நீளமாகவே வரும். அதன் நுனியை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பொருத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, எடுத்து மீண்டும் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு கூடிப்போனால் அந்த சீல் வீண். ஒரு ரோட்டருக்கு ஆறு, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒன்றுக்கு அளந்தது மற்றொன்றுக்குப் பொருந்தாது. தயாரான சீல்கள் கவிழ்க்கும்போது விழாமல் இருக்க வாசலின் தடவி ஒட்டவைப்பார்கள். முதல் ஸ்டார்ட்டில் அது உருகி எரிந்துவிடும். நடுத் தட்டை இறக்கும்போது ஷாஃப்ட்டைச் சற்றே தூக்கிப் பிடிக்காவிட்டால் தட்டு உள்ளே இறங்காது, ஆகவே இன்னொருவர் கூட இருப்பது நல்லது. நீண்ட போல்ட்டுகளுக்கு 32 முதல் 39 நியூட்டன்மீட்டர் முறுக்கே போதும். ஷாஃப்ட்டின் நுனியிலுள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலைப் பிடிக்கும் ஒற்றை நட்டுக்கோ 400-க்கு மேல் வேண்டும்.

எஞ்சின் திறந்திருக்கும்போதே, காற்று நுழையும் துளைகளைக் குடைந்து வடிவம் மாற்றும் போர்ட்டிங் ஆசையும் வரும். வால்வு இல்லாத இந்த எஞ்சினில் காற்று எப்போது நுழைகிறது, எப்போது நிற்கிறது என்பதை இரும்புத் தட்டிலுள்ள துளையின் விளிம்பும் அதைக் கடந்துசெல்லும் ரோட்டரின் ஓரமும்தான் தீர்மானிக்கின்றன. பிஸ்டன் எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டை மாற்றிச் செய்வதை இங்கே கிரைண்டரால் துளையின் வடிவத்தை மாற்றிச் செய்துவிடலாம். துளை மூடும் விளிம்பைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் உயர் வேகத்தில் காற்று அதிகம் நுழையும். தாழ் வேகத்தில் கொஞ்சம் திரும்பியும் வந்துவிடும். எல்லை மீறி உட்பக்கம் குடைந்தால் எண்ணெய் சீலின் பாதையைத் தொட்டு எண்ணெய் கசியும். வெளிப்பக்கம் குடைந்தால் கார்னர் சீலுக்கு ஆதாரம் போய்விடும். துணிந்தவர்கள் ஒரு மெல்லிய இரும்புப் பாலத்தை மட்டும் விட்டுவைத்து அப்பால் இன்னொரு துளை குடைவார்கள். இதற்கு பிரிட்ஜ் போர்ட் என்று பெயர். புகை வெளியேறும் வழி மூடுவதற்கு முன்பே காற்று வழி திறந்துவிடுவதால், கார் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில் பழைய புகை புதுக் கலவையோடு கலந்து சில வெடிப்புகள் தவறிப்போகும். ரோட்டரி ரசிகர்கள் உயிரை விடும் அந்த 'ப்ராப், ப்ராப்' சத்தம் உண்மையில் தவறிய வெடிப்புகளின் சத்தம். தினமும் ஓட்டும் காருக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதைவிட அதிகமான எஞ்சின்களைக் கொன்றது சாதுவாகத் தோன்றும் ஒரு மாற்றம்: டர்போவுக்கு அடுத்துள்ள குழாயை அகலமாக்குவது. எஃப்டியில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதலாவது தாழ் வேகத்திலேயே ஓடத் தொடங்க, இரண்டாவது 4,500 சுற்றுகளையொட்டிச் சேர்ந்துகொள்கிறது. தொழிற்சாலை அமைப்பில் அவை தரும் கூடுதல் அழுத்தம் சுமார் 0.7 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). புகைக் குழாயின் அடைப்பை நீக்கினால் டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னுள்ள எதிர்ப்பு குறைந்து டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். உபரிப் புகையைத் திசைதிருப்ப வேண்டிய வேஸ்ட்கேட் சிறியதாக இருப்பதால் அதைக் கட்டுப்படுத்த முடியாமல், யாரும் கேட்காமலேயே அழுத்தம் ஏறிவிடும். வளிமண்டலத்தையும் சேர்த்து 1.7 பாராக இருந்தது 2.0 ஆனால், உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இஞ்செக்டர்களும் எஞ்சினை இயக்கும் பழைய கணினி நிரலும் அதைத் தராவிட்டால் கலவை வறண்டு, எரியாமல் மிஞ்சிய பகுதி தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். பிஸ்டன் எஞ்சின் சிலமுறையாவது அதைத் தாங்கும். இங்கே அதிர்ச்சியலை நேராக அந்த இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் மோதுகிறது. உடைந்த துண்டு சுவரைக் கீறிக்கொண்டு புகைவழியாகப் பாய்ந்து டர்பைனின் இறக்கைகளையும் பதம்பார்த்துவிட்டே வெளியேறும்.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்பே பெரிய இஞ்செக்டர், வலுவான பெட்ரோல் பம்ப், காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், தனியாக நிரல் எழுதக்கூடிய கணினி ஆகியவற்றை முடித்துவிடுகிறார்கள். முழுமையாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றாலும், டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது 11 பங்கையொட்டியே கலவையை வைப்பார்கள். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி அறையைக் குளிர்விக்கும். நீண்டு ஒடுங்கிய அறையில் தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டாது என்பதால் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. அவை பற்றவைக்கும் நேர இடைவெளியையும் இந்தக் கணினியில்தான் திருத்துகிறார்கள். பூட்டி முடித்த எஞ்சினில் புது சீல்கள் சுவரோடு பழகும்வரை, பெரும்பாலோர் முதல் ஆயிரம் மைலுக்கு டர்போவின் அழுத்தம் ஏறாதபடி நிதானமாக ஓட்டி, பிறகு எண்ணெயை மாற்றி, மறுபடியும் அழுத்தமானியை மாட்டுகிறார்கள். பூட்டியவுடன் எடுத்த அளவைவிட அப்போது மூன்று அறைகளிலும் அழுத்தம் ஏறி, ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருந்தால்தான் 0.7 பாருக்கு மேல் போவதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.