ஆர்.சி. கட்டமரான்: ஸ்ட்ரட் கோணத்தைத் தொடுமுன்

ரேடியோவால் இயக்கும் கட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு, தண்ணீரில் குதிக்கிறது, அல்லது மூக்கைத் தூக்குகிறது என்றதும் பெரும்பாலானோர் கை நேராக ஸ்ட்ரட் (பின்பக்கத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் தாங்கி) போல்ட்டுக்குத்தான் போகிறது. கோணத்தை மாற்றுகிறார்கள், படகு வேறு விதமாக முரண்டு பிடிக்கிறது, மறுபடியும் மாற்றுகிறார்கள். பட்டறைக்கு வரும் படகுகளில் கோணம் மட்டும் தவறாக இருப்பது அபூர்வம். எடைமையமோ (படகு சமநிலையில் நிற்கும் புள்ளி) புரொப்பெல்லரின் ஆழமோ தப்பியிருக்கும், அதை ஈடுகட்டக் கோணத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். ஆகவே வரிசை இதுதான்: எடைமையம், ஆழம், கடைசியில் கோணம்.

பின்பக்கத்தில் கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) மோட்டார் 4எஸ் (நான்கு செல் தொடராக இணைந்த) பேட்டரியில் சுமையின்றி நிமிடத்துக்கு 29,000 சுற்றுக்கும் மேல் போகும். கூர்தீட்டிய புரொப்பெல்லருக்கு விரலும் தண்ணீரும் ஒன்றுதான்.

எடைமையத்தைப் பேட்டரி ஏற்றிய நிலையில்தான் பார்க்க வேண்டும். கட்டமரானுக்குப் பின்சுவரிலிருந்து உடல் நீளத்தில் 30 சதவீதம் நல்ல தொடக்கம். 28 முதல் 32 வரை சோதித்துப் பார்க்கலாம். மூக்கு தூக்கினால் முதல் மருந்து பேட்டரியை 5 முதல் 10 மி.மீ. முன்னே தள்ளுவது. இரண்டு ஸ்பான்சன்களுக்கும் (இருபுற உடல்களுக்கும்) நடுவே அடைபடும் காற்றின் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் பாதி வேகத்தில் சமர்த்தாக ஓடும் படகு முழு வேகத்தில் பின்னோக்கிக் கவிழ்வதில் வியப்பில்லை.

அடுத்து அளவு. கண்மதிப்பு இங்கே உதவாது. கண்ணாடிப் பலகை போன்ற தட்டையான தளத்தில், சுக்கான் தரையைத் தொடாத அளவுக்கு, ஒரே தடிமன் கொண்ட இரண்டு பட்டைகளை வையுங்கள். ஸ்பான்சன்களின் பின்பகுதியில் படகு தண்ணீரில் சறுக்கும் தட்டையான அடிப்பரப்பு அவற்றின் மேல் உட்கார வேண்டும். அந்தப் பரப்புதான் எல்லா அளவுக்கும் ஆதாரம். மேல்தளத்தை வைத்து அளந்தால் எல்லாமே பொய். புரொப்பெல்லரையும் அதைச் சுழற்றும் வளையக்கூடிய ஃப்ளெக்ஸ் ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, ஷாஃப்டின் அதே விட்டமுள்ள நேரான எஃகுக் கம்பியை ஸ்ட்ரட் புஷ்ஷுக்குள் (ஷாஃப்ட் சுழலும் உள்குழாய்) செருகுங்கள். 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களில் கம்பியின் உயரத்தை அளந்தால், வித்தியாசத்தில் ஒவ்வொரு 1.75 மி.மீட்டரும் ஒரு டிகிரி. டிஜிட்டல் கோணமானி இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் ஸ்ட்ரட்டின் அடி ஸ்பான்சன் அடியோடு சமமாகவும், கோணம் பூஜ்யமாகவும், அதாவது ஷாஃப்ட் சறுக்கும் பரப்புக்கு இணையாகவும் இருக்கட்டும். ஸ்ட்ரட்டை இறக்கினால் புரொப்பெல்லரின் இறக்கை அதிகம் மூழ்கும்; பின்பக்கம் எழும்பும், மூக்கு தாழும், மோட்டார் இழுக்கும் கரண்டும் ஏறும். உயர்த்தினால் உராய்வு குறைந்து வேகம் கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனால் புரொப்பெல்லர் காற்றை அள்ளும். புறப்படும்போது சத்தம் மட்டும் வரும், படகு நகராது. ஒரு தடவைக்கு அரை மி.மீ. போதும்.

கோணத்தின் விளைவை ஷாஃப்ட் எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்த்தாலே புரியும். புரொப்பெல்லர் முனை கீழ்நோக்கிச் சாய்ந்தால் உந்துவிசை முன்னும் மேலுமாகப் போகும்: பின்பக்கம் எழும்பி மூக்கு தண்ணீரைத் தேடும். மேல்நோக்கிச் சாய்ந்தால் பின்பக்கம் அமுங்கி மூக்கு எழும்பும். அரை டிகிரியே தெரியும், ஒன்று தாராளம். இரண்டு டிகிரி தேவைப்படுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: ஸ்ட்ரட் ஒரு போல்ட்டை அச்சாகக் கொண்டுதான் திரும்புகிறது. அங்கிருந்து புரொப்பெல்லர் 60 மி.மீ. தள்ளி இருந்தால், ஒரு டிகிரி மாற்றம் புரொப்பெல்லரை ஏறக்குறைய 1 மி.மீ. ஏற்றவோ இறக்கவோ செய்யும். கோணம் மாற்றியதால் வந்ததாக நினைக்கும் பலன் உண்மையில் ஆழம் மாறியதால் வந்திருக்கலாம். கோணத்தை மாற்றியபின் உயரத்தை மறுபடி அளந்து பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஸ்ட்ரட் நகரும்போது, ஷாஃப்ட் படகுக்குள்ளிருந்து வெளியே வரும் பித்தளைக் குழாயான ஸ்டஃபிங் டியூபும் கூட வர வேண்டும். டியூபின் வாய் ஒரு திசையிலும் ஸ்ட்ரட் துளை வேறு திசையிலும் பார்த்தால் அந்த முறிவில் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் உரசும். டியூபின் உள்ளே இருக்கும் டெஃப்ளான் லைனர் உருகும், கரண்ட் ஏறும், ஒருநாள் ஷாஃப்ட் அறுந்து புரொப்பெல்லரோடு தண்ணீருக்குள் போகும். பித்தளை டியூப் நீண்ட, மெதுவான வளைவாகவே இருக்கட்டும். ஷாஃப்டை மோட்டாரோடு பிடிக்கும் காலட்டை இறுக்குமுன் ஷாஃப்டை இரண்டு விரலால் சுழற்றிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் இறுகினாலும் வளைவைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

டிரைவ் டாகுக்கும் (ஷாஃப்டில் புரொப்பெல்லருக்கு முன் இருந்து அதைத் திருப்பும் துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவே இடைவெளி விடுவது கட்டாயம். ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் சுமையில் முறுக்கேறிச் சுருங்கும். சிறிய மின்படகுகளுக்கு 2 முதல் 3 மி.மீ., தடித்த நீண்ட ஷாஃப்ட் உள்ள பெரிய படகுகளுக்கு 6 வரை. இடைவெளி இல்லாவிட்டால் டாக் ஸ்ட்ரட்டில் தேய்ந்து புஷ் கருகும். ஷாஃப்டின் பின்னல் திசையும் புரொப்பெல்லர் சுழலும் திசைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மாறிப் போட்டால் சுமையில் பின்னல் பிரிந்து விரியும்.

இரட்டை மோட்டார் படகில் இரண்டு ஸ்ட்ரட்டையும் தனித்தனியே அளந்து ஒன்றுபோல் வையுங்கள். ஒன்று அரை மி.மீ. தாழ்ந்தாலும் நேர் ஓட்டத்தில் படகு ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சுக்கானால் சமாளித்தால் வேகம்தான் போகும்.

புரொப்பெல்லரை மாற்றுவதும் ஒரு சரிசெய்தல்தான். 40 மி.மீட்டரிலிருந்து அதே வடிவில் 42க்குப் போனால், அதே சுழற்சி வேகத்தில் சுமை கணக்குப்படி கால்பங்குக்கும் மேல் கூடும். இறக்கை நுனியும் 1 மி.மீ. ஆழமாகும். பெரிலியம் காப்பர் புரொப்பெல்லரை அரம் போட்டுக் கூர்தீட்டும்போது வரும் தூள் நுரையீரலுக்கு நச்சு. தண்ணீர் விட்டு ஈரமாகவே தேயுங்கள், தகுந்த முகக்கவசம் அணியுங்கள், தூளைக் காய விடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

சோதனை ஓட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். காற்றில்லாத நீர்ப்பரப்பில் ஒரு நிமிடம் ஓட்டி, கரைக்கு வந்ததும் வெப்பம் பாருங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மோட்டாரை 80க்குள் வையுங்கள்; சாதாரண வகை நியோடைமியம் காந்தம் அதற்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். ஓட்டம் அழகாக இருந்து வெப்பம் மட்டும் ஏறினால் ஸ்ட்ரட்டை அரை மி.மீ. உயர்த்துங்கள், அல்லது ஒரு அளவு சிறிய புரொப்பெல்லர் போடுங்கள். சரியான இடம் கிடைத்ததும் போல்ட்டில் திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) இட்டு, ஸ்ட்ரட்டும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். கட்டையில் மோதி ஸ்ட்ரட் அசைந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.