யார் கத்துகிறார் என்று பார்த்துக் கடன் கட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுக் கிராமிய வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து இருப்பவர்களில் பாதிப்பேர் கேட்பது முன்பு எடுத்த கடனை அடைக்க இன்னொரு கடன். சரி, அந்த முந்திய கடன் எதற்கு என்று மெல்லக் கேட்டுக்கொண்டு போனால், மகளின் சாமத்திய வீடு, கூரை வேலை, தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசு, 2022இல் சாமான் விலை ஏறியபோது கடையில் நின்றுபோன கணக்கு என்று எங்கேயாவது போய் முடியும். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது, சம்பளம் அப்படியே நின்றது. ஆகவே கடன்பட்டவரை ஊதாரி என்று நான் நினைப்பதில்லை, நீங்களும் உங்களை அப்படி நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களில் பலர் வட்டியைப் பார்த்துக் கடன் கட்டுவதில்லை, வெட்கத்தைப் பார்த்துக் கட்டுகிறோம். படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அயலுக்குக் கேட்கப் பேசுகிறவருக்கு முதல் காசு. ஒரு நாளைக்கு நாலு தரம் கோல் எடுக்கிற லீசிங்காரருக்கு அடுத்தது. ‘ஆறுதலாத் தாங்கோ, வட்டி மட்டும் தந்தாக் காணும்’ என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவர் கடைசி. குடும்பத்தைத் தின்றுகொண்டிருப்பது அநேகமாக அந்தக் கடைசி ஆள்தான்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இருக்கிற கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து அவர் எழுதினார்: ஓட்டோ லீசிங், மனைவியின் குழுக்கடன், நகை அடகு, சீட்டுக் காசு, மச்சாளிடம் வாங்கிய கைமாற்று. ஐந்தும் எழுதிய பிறகு பேனை நின்றுவிட்டது. கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஆறாவதாக எழுதினார்: ‘2 லட்சம், நூற்றுக்கு 5’. மனைவி தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு, “இதை எப்ப எடுத்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டார்.

நூற்றுக்கு ஐந்து என்றால் மாதத்துக்கு. வருடக் கணக்கில் அது 60 வீதம். 2 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி. 20 மாதம் தவறாமல் கட்டினால் வாங்கிய அளவு காசு வட்டியாகவே போயிருக்கும், முதல் 2 லட்சம் அப்படியே நிற்கும். அவர்கள் லீசிங்தான் தங்களை அழிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், ஏனென்றால் கோல் வருவது அங்கிருந்துதான்.

ஆகவே முதல் வேலை, அந்தத் தாள். எவ்வளவு மிச்சம், மாதம் எவ்வளவு, வருட வட்டி எத்தனை வீதம் என்று ஒவ்வொரு கடனுக்கும் எழுதுங்கள். வீட்டில் மற்றவருக்குத் தெரியாத கடனையும் எழுதுங்கள், அது இல்லாத தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை. வீதத்தைக் கேட்கும்போது கவனம். ஒரு லட்சத்தை 12 மாதத்தில் கட்ட வேண்டும், வட்டி 24 வீதம், மாதம் 10,333 ரூபாய் என்று ஒருவர் சொல்வார். அந்த 24,000 ரூபாய் முழு லட்சத்துக்கும் முழு வருடத்துக்கும் போட்ட வட்டி. நீங்களோ ஒவ்வொரு மாதமும் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள், பாதி வருடத்தில் பாதிக் காசு உங்கள் கையில் இல்லை. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 41 வீதத்தைத் தாண்டும். குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா என்று கையெழுத்துப் போட முன்னமே கேட்பது உங்கள் உரிமை.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது கேட்க இலகு, செய்யக் கஷ்டம். எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை, மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயும் வட்டி கூடின கடனின் முதலுக்கு. அது தீர்ந்ததும் அதற்குக் கட்டிய காசு அப்படியே அடுத்த கடனுக்கு. இடையில் புதுக் கடன் இல்லை, பழைய கடனை அடைக்கச் சீட்டைக் கழிவில் எடுப்பதும் இல்லை. வங்கி அடகு வட்டி நூற்றுக்கு ஐந்தைவிட எவ்வளவோ குறைவு. அலுமாரிக்குள் பவுணை வைத்துக்கொண்டு வெளியே 60 வீதம் கட்டுகிற குடும்பங்களிடம் நான் ஒளிக்காமல் சொல்வேன்: அதில் ஒரு பகுதியை விற்றாவது அந்தக் கடனை முடியுங்கள். மகளுக்கு என்று வைத்தது எனக்கும் விளங்குகிறது, ஆனால் அந்த வட்டி அவளுடைய பவுணைத்தான் தின்கிறது. ஏற்கெனவே அடகில் இருக்கும் நகைக்கு யாரும் படலைக்கு வரமாட்டார்கள், கடிதம் மட்டும்தான் வரும். அதைப் பிரிக்காமல் வைத்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற உறவிடம் உதவி கேட்பதென்றால் ஒரே தரம், முழுத் தாளையும் காட்டிக் கேளுங்கள். பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் அவர் அனுப்பும் காசு போன பிறகும் மறைத்த கடன் நிற்கும், அடுத்த முறை கேட்க முகம் இருக்காது.

குழுக்கடன் போன்ற நுண்கடனுக்கு 2018இல் ஆண்டு வட்டி 35 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வந்தது. அதே வருடம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு இரத்துச் செய்யும் திட்டமும் வந்தது. அப்படி இன்னொன்று வரும் என்று தவணையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழுவில் நீங்கள் கட்டாததைப் பக்கத்து வீட்டு அக்கா கட்ட வேண்டி வரும்.

காணி உறுதி விடயத்தில் எனக்குப் பயம் அதிகம். ‘நம்பிக்கைக்குத்தான்’ என்று சொல்லி அறுதி உறுதி எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அறுதி என்றால் விற்பனை, வாயால் சொன்ன வாக்கு அந்த உறுதியில் இருக்காது. குறித்த காலத்துக்குள் காசு கொடுத்தால் காணி திரும்பும் என்ற நிபந்தனையோடு எழுதிய உறுதியோ, ஈடோ என்றால் 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடன் இணக்கச் சபை என்று ஒன்று இதற்காகவே இருக்கிறது. தவணை முடியும்வரை பார்த்துக்கொண்டிராமல், காலம் கையில் இருக்கும்போதே ஒரு சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டி அங்கே விண்ணப்பியுங்கள்.

லீசிங்கோ வங்கிக் கடனோ கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்னமே போய் முகாமையாளரிடம் கதையுங்கள், கதைத்ததைக் கடிதமாகவும் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முன்கூட்டி வருகிறவருக்குத் தவணையை நீட்டிக் கொடுப்பது எங்களுக்கும் இலகு. ‘கிரிப்பில் பெயர் விழுந்திட்டுது, இனி எதற்கு’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கிரிப் என்பது கடன் தகவல் பணியகம். அதன் அறிக்கை நீங்கள் கட்டியதையும் கட்டாததையும் காட்டும் பதிவு, கடன் தருவதா இல்லையா என்று தீர்மானிப்பது வங்கி. ஒழுங்காகக் கட்டத் தொடங்கினால் அதுவும் அங்கே பதியும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், யாருக்கோ பிணை நின்றதும் அதில் தெரியும். நிதி நிறுவனம் அநியாயம் செய்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். கடன் நினைப்பில் நித்திரை இல்லாமல், உயிரை விடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போனவர்கள் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். தயவுசெய்து எடுங்கள், கடனுக்கு வழி பிறகு பார்க்கலாம்.

கட்டுகிற ஒவ்வொரு தரமும் துண்டு வாங்குங்கள், தனி ஆளுக்குக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே கடன் தீர்ந்ததற்கான கடிதம், நீங்கள் கொடுத்த புரோநோட்டு, திகதி போடாமல் கொடுத்த செக்குகள் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். காணி ஈட்டில் இருந்தால் ஈடு நீக்கிய உறுதியை நொத்தாரிசு மூலம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் அந்தக் கடன் முடிந்தது.