சொலிசிசம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'ஹி டோன்ட் நோ' என்று ஒருவர் சொன்னால் உடனே திருத்துகிறோம். எழுவாயோடு வினை பொருந்தவில்லை, 'டஸின்ட்' வந்திருக்க வேண்டும். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' தேவையில்லை என்பதால், 'டிஸ்கஸ் அபவுட்' என்பதையும் இப்படித்தான் குறை சொல்வார்கள். தொடரில் சொற்கள் ஒன்றோடொன்று இசையாமல் போகிற இந்தப் பிழைக்கு ஆங்கிலத்தில் சொலிசிசம் என்று பெயர். எழுத்துப்பிழை இதில் சேராது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. இன்றைய துருக்கியின் தென்கரையில், சிலிசியாவில், சோலி என்றொரு கிரேக்கக் குடியேற்ற நகரம் இருந்தது. அந்த ஊர்க்காரர்களின் கிரேக்கம் ஏதென்ஸ்காரர்களுக்குக் கொச்சையாகப் பட்டதாம். சோலிக்காரர்களைப் போலப் பேசுவது என்ற பொருளில் 'சொலொய்கிஸ்மோஸ்' என்றார்கள் என்பது பழைய ஆசிரியர்கள் தரும் விளக்கம். லத்தீன் வழியாக அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சோலியில் அந்தப் பேச்சு எல்லோருக்கும் புரிந்திருக்கும். அதைத் தப்பு என்றது வேறோர் ஊர்.

சரி, ஆங்கிலத்தில் இது தப்பு என்று சொல்லும் ஏதென்ஸ் எது? பிரெஞ்சுக்கு 1635 முதல், மொழியைக் கண்காணிக்க ஓர் அகாடமி இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று 1712இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கேட்டார், அமையவில்லை. அந்த இடத்தை இலக்கண நூல்கள் பிடித்துக்கொண்டன. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடாகிவிடும் என்ற விதி, 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லவுத் போன்ற இலக்கண ஆசிரியர்களின் நூல்கள் வழியாக வேரூன்றியது. அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரே வாக்கியத்தில் பல எதிர்மறைகளை அடுக்கி எழுதியிருக்கிறார்.

தமிழில் இதற்குச் சரியான சொல் வழு. வழுவுதல், வழுக்குதல் எல்லாம் ஒரே குடும்பம். நடக்கும் வழியிலிருந்து சறுக்குவது. இதில் எந்த ஊரின் மீதும் பழி இல்லை, அதனாலேயே எனக்கு இந்தச் சொல்மேல் தனி மதிப்பு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களை நன்னூல் சொல்கிறது. ஆனால் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே', அதாவது வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்கிறது தொல்காப்பியம். அந்த உயர்ந்தோர் யார் என்ற கேள்வி தமிழிலும் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம், நம் இலக்கணம் சரி, தப்பு என்ற இரண்டோடு நின்றுவிடவில்லை. வழாநிலை (பிழையற்றது), வழு இரண்டுக்கும் அடுத்து வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தது. வழுதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒருவரையே மதித்துப் பன்மையில் 'நீங்கள்' என்கிறோமே, அது இந்த வகை. ஆங்கில 'யூ'வும் முன்பு பன்மைக்கு மட்டுமே உரியது. ஒருவரைச் சுட்ட 'தவ்' இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே 'யூ' என்று அழைக்கும் பழக்கம் பரவியபோது, 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறித்தவ இயக்கத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் அதைத் தவறென்று கண்டித்தார். பேசுகிறவர்கள் கேட்கவில்லை. இன்று 'தவ்' பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது.