வாவிச் சேற்றிலுள்ள ஓடுகளை எப்படி வாசிப்பது?

குடும்பிமலையில் எவ்வளவு தேடினாலும் உயிர்ச்சுவடு, அதாவது பாறையில் எஞ்சிய பழைய உயிரின் ஓடோ தடமோ, கிடைக்காது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடித்தளம் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய பாறைத் தொகுதியைச் சேர்ந்த உருமாறிய பாறை. நிலத்தின் ஆழத்தில் அவ்வளவு வெப்பத்தையும் அழுத்தத்தையும் கண்ட பாறையில் எந்த ஓடும் தப்பாது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் (சுமார் 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) கடலில் படிந்தது. இங்கே நமக்குக் கிடைப்பது அதைவிட மிக இளைய படிவுகள்தான்: வாவியின் அடிச்சேறும் கரையோர மணலும்.

அவற்றிலுள்ள ஓடுகளில் முக்கியமானவை போராமினிபெராவின் ஓடுகள். போராமினிபெரா ஒற்றைக்கல உயிரிகள். பெரும்பாலானவற்றின் ஓடு கல்சியம் காபனேற்றால் ஆனது, அளவு 0.1 முதல் 1 மில்லிமீற்றர். சில திறந்த கடலில் மிதந்து வாழும், மற்றவை அடித்தளத்தில் வாழும். மிதப்பவை வயதைச் சொல்லும், அடியில் வாழ்பவை சூழலைச் சொல்லும். இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொண்டால் முடிவு முழுவதும் பிழைத்துவிடும்.

மிதக்கும் இனங்கள் நீரோட்டத்தோடு பெருங்கடல்கள் முழுவதும் பரவுபவை, விரைவாகக் கூர்ப்படைபவை. அதனால் ஓர் இனம் தோன்றிய காலமும் மறைந்த காலமும் தொலைதூரப் படிவுகளை ஒப்பிட உதவும். உருண்டைப் பந்தாக இருக்கும் ஓபுலினா சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அது இருக்கும் படிவு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. குளோபிஜெரினொயிடெஸ் ரூபரின் இளஞ்சிவப்பு வகை அத்திலாந்திக்கில் இன்றும் வாழ்கிறது. இந்து, பசிபிக் சமுத்திரங்களிலோ சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. வங்காள விரிகுடாப் படிவில் அது தன் இடத்திலேயே கிடந்தால், அந்தப் படை அதைவிடப் பழையது.

"தன் இடத்திலேயே" என்பதுதான் சிக்கல். பழைய படிவு அரிக்கப்பட்டு அதன் ஓடுகள் புதிய படிவில் சேர்வதுண்டு. அப்போது படிவு உண்மையைவிட முதியதாகத் தெரியும். ஆழ்துளை இடும்போது மேலே வரும் துகள்களில் இது தலைகீழ்: மேல்சுவரிலிருந்து இளைய ஓடுகள் கீழே உதிர்ந்து கலக்கும். அதனால் துளைத் துகள்களில் ஓர் இனம் முதலில் தோன்றிய மட்டத்தை நம்பாமல், கடைசியாகக் காணப்படும் மேல் மட்டத்தையே நம்புவார்கள்.

சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள வாவிச் சேற்றுக்கு இனங்களின் தோற்றமும் மறைவும் பயன்படாது. அதன் வயதுக்கு ஓடுகளில் காபன்-14 அளக்க வேண்டும்; அதற்கும் சுமார் 50,000 ஆண்டுதான் எல்லை. கடல்நீரிலுள்ள காபன் பழையது என்பதால் பொதுவாகச் சில நூறு ஆண்டுகள் கழித்தே வயதைக் கணிக்க வேண்டும்.

சூழலை வாசிக்க வாவி அருமையான இடம். மாரியில் வெள்ளம் வந்து உப்பு இறங்கும். முகத்துவாரம் மூடினால் கடல்நீர் நுழையாது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது அமோனியா என்ற போராமினிபெரா (அமோனியா வாயு அல்ல). நுணுக்குக்காட்டியில் அது தட்டையான சுருளாகத் தெரியும், வெளிச்சுற்றில் ஏழெட்டு அறைகள் இருக்கும். ஒரு படையில் அமோனியாவும் எல்பிடியம் என்ற இன்னொரு போராமினிபெராவும் மட்டுமே நிறைந்திருந்தால் அது அடைபட்ட, உப்பு மாறிக்கொண்டிருந்த நீர். பீங்கான்போல் வெளுத்த மிலியோலிட் வகைகளும் பல இனங்களும் சேர்ந்தால் கடல்நீர் தாராளமாக வந்திருக்கிறது. மிதப்பவை வந்தால் திறந்த கடலின் கை பட்டிருக்கிறது.

50 கிராம் உலர்ந்த சேற்றை சலவைச் சோடா கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, 63 மைக்ரோன் அரிதட்டில் மெல்லிய நீரோட்டத்தில் கழுவுங்கள். விரலால் தேய்த்தால் மெல்லிய அறைகள் உடையும். 50 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் உலர்த்தி, மாதிரியைப் பாதி பாதியாகப் பிரித்து, கறுப்புத் தட்டில் பரப்பி, நனைத்த 000 இலக்கத் தூரிகையால் 300 ஓடுகள் வரை பொறுக்குங்கள். பெரியவற்றை மட்டும் பொறுக்கினால் விகிதம் சாயும். அடுத்த மாதிரிக்கு முன் அரிதட்டை மெதிலீன் நீலத்தில் தோய்க்க வேண்டும்: கண்ணறையில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும், கலப்படம் உடனே தெரியும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த எண்ணிக்கையை நம்ப முடியாது.

கண்டல் காட்டுக் கறுப்புச் சேற்றில் இன்னும் கவனம் வேண்டும். அதிலுள்ள இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். பையில் ஈரமாக வைத்திருந்தாலே ஓடுகள் கரைந்துவிடும். ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றினால் இன்னும் வேகமாகக் கரையும். மணற்துகள்களை ஒட்டி ஓடு கட்டும் மிலியமினா, ட்ரோகமினா போன்றவை மட்டும் மிஞ்சினால், சுண்ணாம்பு ஓடுகள் அங்கே இல்லாமலே இருந்தன என்று எழுதிவிடக் கூடாது.

சேற்றுக்கு நடுவே ஒரு மணற்படை, அதில் கடல் ஓடுகள் கிடைத்தால் 2004 டிசம்பர் 26 சுனாமியா, 1978 நவம்பர் சூறாவளியா என்ற கேள்வி எழும். சூறாவளி அலை பெரும்பாலும் ஆழம் குறைந்த அடித்தளத்தையே வாரும், சுனாமி ஆழமான இடத்து இனங்களையும் கொண்டுவரக்கூடும். ஆனால் கிழக்குக் கரையில் கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) ஒடுங்கியது, ஆழமான இடம் கரைக்கு அருகிலேயே தொடங்கிவிடும். அதனால் ஓடுகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மணற்படை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எப்படி மெலிகிறது, அடியில் பிய்ந்த சேற்றுக் கட்டிகள் உண்டா என்பதையும் பல துளைகளில் பார்க்க வேண்டும்.